உண்டியல் தூக்கும் முன் ஒரு போன்: பிறவிக் குறையுள்ள குழந்தைக்கு ஊர் நிதி திரட்டும்போது தெரிந்திருக்க வேண்டியவை

இந்தக் காட்சியை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். பேருந்து நிலையத்து டீக்கடை வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ். அதில் மூக்கில் குழாய் செருகிய கைக்குழந்தையின் படம். "பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை, அறுவை சிகிச்சைக்கு 4 லட்சம் தேவை, உதவுங்கள்" என்று எழுதி, கீழே ஒரு ஜிபே நம்பர். பக்கத்தில் இளைஞர் மன்றத்துப் பையன்கள் நாலு பேர் உண்டியலோடு நிற்பார்கள். சில ஊர்களில் டீக்கடைக்காரர் ஒரு நாள் வசூலையே கொடுத்துவிடுவார். தனியார் பஸ்ஸில் ஒரு நாள் டிக்கெட் காசு முழுக்கக் குழந்தைக்குப் போகும்.

நம் மக்களுக்கு மனசு இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தப் பையன்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "தம்பி, இந்த ஆபரேஷன் காப்பீட்டில் வருமான்னு விசாரிச்சீங்களா?" பல இடங்களில் பதில் இருக்காது. இரண்டு மூன்று மாதம் வசூல் நடக்கும். கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்தச் சிகிச்சை அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது என்று தெரியவரும். பணம் வீண் போகவில்லை, வேறு செலவுக்கு ஆகும். ஆனால் போன மூன்று மாதம் திரும்பி வராது. பிறவிக் குறைகளில் அந்த மூன்று மாதம்தான் பெரிய விஷயம். இந்தப் பாடத்தில் அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில் கேளுங்கள், பிறகு வசூலியுங்கள்

பிறந்தது முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்காக ஆர்.பி.எஸ்.கே. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் 2013 முதல் நடந்துவருகிறது. அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஒரு முறையும் நடமாடும் மருத்துவக் குழு வரும். இந்தத் திட்டம் பார்க்கும் 30 உடல்நலப் பிரச்சினைகளில் பிறவிக் குறைகள் மட்டும் ஒன்பது: முதுகுத்தண்டு மூடாமல் பிறப்பது போன்ற நரம்புக் குழாய்க் குறை, டவுன் சிண்ட்ரோம், உதடு அண்ணப் பிளவு, வளைந்த பாதம், இடுப்பு மூட்டு நழுவல், பிறவிக் கண்புரை, பிறவிக் காதுகேளாமை, பிறவி இதய நோய், குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைக் கோளாறு.

குழு கண்டுபிடித்தால் டி.இ.ஐ.சி. என்ற மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இந்த மையம் இருக்கும். குழந்தை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட் எல்லாரும் ஒரே இடத்தில் பார்ப்பதற்காக ஏற்படுத்தியது. குழு வரும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் போதும், பரிந்துரைச் சீட்டு வாங்கிக் கொடுப்பார். அவர் யாரென்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் போடுங்கள். எந்த நேரமும் எடுப்பார்கள்.

அடுத்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. முன்பு 72 ஆயிரமாக இருந்த குடும்ப ஆண்டு வருமான வரம்பு 1 லட்சத்து 20 ஆயிரமாக உயர்த்தப்பட்டுவிட்டது. இது தெரியாமல் "நமக்குக் கிடைக்காதுப்பா" என்று பழைய கணக்கில் ஒதுங்கியிருப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போனால் அட்டைக்குப் பதிந்துகொள்ளலாம். பிறவி இதய நோய்க்கான அறுவை சிகிச்சைகளும், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காதில் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்துவதும் இந்தத் திட்டத்தில் அடங்கும். எந்தெந்த மருத்துவமனையில் செய்கிறார்கள் என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம்.

உதடு அண்ணப் பிளவுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஸ்மைல் ட்ரெய்ன் என்ற உலகத் தொண்டு அமைப்போடு சேர்ந்து இலவசமாக அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைகள் நம் நாட்டில் பல இருக்கின்றன. அது பல நாட்டு மக்கள் கொடுத்த நன்கொடைப் பணம்தான். யாரோ எங்கோ உண்டியல் ஏந்தி முடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதே வேலைக்கு நாம் இங்கே இன்னொரு உண்டியலைத் தூக்க வேண்டியதில்லை.

குழந்தைக்கு ஒரு காலண்டர் இருக்கிறது

பெரியவர்களின் மூட்டு ஆபரேஷன் ஆறு மாதம் தள்ளிப்போனால் வலி நீடிக்கும், அவ்வளவுதான். பிறவிக் குறை அப்படியில்லை. இரண்டு கண்ணிலும் அடர்ந்த புரையோடு பிறந்த குழந்தைக்கு முதல் இரண்டு மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும் என்பார்கள் கண் மருத்துவர்கள். ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் இன்னும் சீக்கிரம். ஏனென்றால் வெளிச்சம் சரியாக விழாத கண்ணை மூளை பார்க்கக் கற்றுக்கொள்வதே இல்லை. பிறகு புரையை எடுத்தாலும் பார்வை முழுதாக வராது.

காதும் அப்படித்தான். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம் என்பது உலகம் முழுக்கப் பின்பற்றும் கணக்கு. "எங்க தாத்தாவும் நாலு வயசுலதான் பேசினார்" என்று வீட்டில் ஒரு பாட்டி சொல்லுவார். பாட்டி சொல்லட்டும், நீங்கள் சோதனைக்குப் போய்விடுங்கள். பிளவுபட்ட உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணத்தைப் பேச்சு வரும் முன்பாக ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள்ளும் சரிசெய்வது வழக்கம்.

அதனால் நிதி திரட்டும் குழுவின் முதல் கூட்டத்தில் எவ்வளவு பணம் என்பதற்கு முன்னால், எந்தத் தேதிக்குள் என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்தத் தேதிதான் உங்கள் ஃப்ளெக்ஸில் இருக்கும் தொகையைவிட முக்கியமானது.

அப்படியானால் ஊர்ப் பணம் எதற்கு?

"எல்லாத்தையும் அரசாங்கமே கொடுத்தா நாங்க எதுக்குங்க?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நடக்கும் செலவை யாரும் பில்லில் எழுதுவதில்லை. குடும்பங்கள் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுவது அங்கேதான்.

வளைந்த பாதத்தை எடுத்துக்கொள்வோம். இதற்கு இன்று உலகெங்கும் பின்பற்றுவது பொன்செட்டி முறை. அமெரிக்காவின் அயோவாவில் பணியாற்றிய மருத்துவர் இக்னாசியோ பொன்செட்டி உருவாக்கியது. பெரிய அறுவை சிகிச்சை இல்லை. பிறந்த சில வாரங்களில் தொடங்கி, வாரம் ஒருமுறை பாதத்தை மெதுவாகத் திருப்பி மாவுக்கட்டு போடுவார்கள். பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு கட்டுகளில் பாதம் நேராகிவிடும். பலருக்குக் குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாணில் சின்னதாக ஒரு வெட்டு. அதன்பிறகு இரண்டு ஷூவையும் ஒரு கம்பியில் இணைத்த பிரேஸ். முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு 23 மணி நேரம் போட வேண்டும். அப்புறம் தூங்கும்போது மட்டும், நாலு ஐந்து வயது வரை.

கஷ்டமே இந்த நாலு வருஷம்தான். பாதம் நேராகிவிட்டது, பிள்ளை ஓடுகிறது, இனி எதற்குப் பிரேஸ் என்று கழற்றி வைத்துவிடுவார்கள். ஷூ சின்னதாகிவிடும், புதுசுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் கூலி போகும், "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போகும். பாதம் மறுபடி வளைந்துகொள்ளும். இதுவரை பட்ட பாடு எல்லாம் முதலிலிருந்து.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தடவை மாவட்ட மருத்துவமனைக்குப் போய்வர அம்மாவோ அப்பாவோ இழக்கும் கூலி 500, வெளியூர் பஸ்ஸில் இரண்டு பேருக்குப் போக வர 160, சாப்பாடு, பால், மற்றது 140 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 800 ரூபாய். (மகளிர் கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்துகளில் உண்டு, வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும்.) கட்டு போட ஆறு தடவை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாலு வருஷத்துக்கு 16 தடவை. ஆக 22 தடவை, 17,600 ரூபாய். ஊர் ரேட்டைப் பொறுத்துக் கூடக் குறைய இருக்கலாம். ஆனால் பாருங்கள், ஒரு குழந்தையின் கால் நிரந்தரமாக நேராக நிற்பதற்கு ஊர் தரவேண்டியது 4 லட்சம் இல்லை, 20 ஆயிரத்துக்குள். அதுவும் ஒரே நாளில் வேண்டாம், நாலு வருஷத்தில் பிரித்துக் கொடுத்தால் போதும்.

உண்டியலோடு நிற்பது சுலபம், படமும் எடுக்கலாம். நாலு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த வீட்டுக் கதவைத் தட்டி "நாளைக்குப் போகணும்ல, பஸ் காசு இந்தாங்க அக்கா" என்று சொல்வதுதான் கடினம். என்னைக் கேட்டால் அதைச் செய்யும் மன்றம்தான் உருப்படியான மன்றம். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு இது கைவந்த வேலை. அவர்கள் ஏற்கெனவே மாதாமாதம் கூடுகிறார்கள், நோட்டு எழுதுகிறார்கள்.

காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்திய குழந்தைக்கும் இதே கதைதான். கருவி பொருத்துவது தொடக்கம் மட்டுமே. கேட்கும் சத்தத்தைப் பேச்சாக மாற்ற வாரக்கணக்கில், வருஷக்கணக்கில் பயிற்சிக்கு அழைத்துப்போக வேண்டும். வாரன்டி முடிந்தபின் வெளிக்கருவியின் கேபிள், காயில், பேட்டரி என்று ஒவ்வொன்றாகப் பழுதாகும். கேபிள் அறுந்துபோன அன்றிலிருந்து பிள்ளைக்கு மறுபடி உலகம் மௌனம். அந்தக் கேபிளுக்கான காசு ஊரிடம் தயாராக இருக்கட்டும்.

டவுன் சிண்ட்ரோம் போன்று அறிவுசார் வளர்ச்சியைப் பாதிக்கும் குறை என்றால், தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். வெளிநோயாளி சிகிச்சைக்கும் தெரபிக்கும்கூட. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். தனித்துவ அடையாள அட்டையும் அங்கேதான்.

கோடிக்கணக்கில் கேட்கும் நோய்கள்

ஒரு தடவை போடும் ஊசிக்குப் பதினாறு கோடி ரூபாய் என்று 2021 வாக்கில் செய்திகளில் வந்தது நினைவிருக்கும். முதுகுத்தண்டு தசைச்சிதைவு என்ற மரபணு நோய்க்கான மருந்து அது. இந்த அளவுத் தொகை ஒரு ஊரால் ஆகாது, ஒரு மாவட்டத்தாலும் ஆகாது. இதற்கென்றே 2021-இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. அதன்படி தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்சிறப்பு மையங்களில் சிகிச்சை பெறுவோருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் அந்த மையங்களில் ஒன்று.

50 லட்சம் போதாது என்பது உண்மைதான். அதனால் அதே கொள்கையின் கீழ் மத்திய சுகாதார அமைச்சகம் பொதுமக்களிடம் நன்கொடை பெற ஒரு இணையதளமும் நடத்துகிறது. நோயாளியின் பெயர், நோய், மருந்துச் செலவு எவ்வளவு, எந்த மையத்தில் சிகிச்சை என்றெல்லாம் அதில் பார்க்கலாம். நாம் அனுப்பும் பணம் நேராக மருத்துவமனைக் கணக்குக்குப் போகும். முகம் தெரியாத வாட்ஸ்அப் ஃபார்வர்டுக்கு அனுப்பும் 500 ரூபாயை இங்கே அனுப்புங்கள். உங்கள் ஊர்க் குழந்தைக்கு இப்படி ஒரு நோய் என்றால், தனி பிரசாரம் தொடங்கும் முன் எழும்பூரில் பதிவு செய்துவிடுங்கள்.

ஃபார்வர்ட் என்றதும் ஒன்று. அதில் இருக்கும் மருத்துவமனைக்குப் போன் செய்து நோயாளி எண்ணைச் சொல்லி, அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பல ஃபார்வர்டுகளில் இருக்கும் குழந்தை இந்நேரம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும்.

ஆராய்ச்சிக்கும் கொஞ்சம்

குழந்தையின் முகத்தைப் பார்த்தால் பணம் வரும். ஆராய்ச்சிக்கு முகம் கிடையாது. ஆனாலும் சாதாரண மக்களின் சில்லறைக் காசு ஆராய்ச்சியை நகர்த்திய வரலாறு உண்டு. 1938 ஜனவரியில் அமெரிக்காவில் எட்டி கேன்டர் என்ற நகைச்சுவை நடிகர் போலியோவை ஒழிக்க ஆளுக்கொரு டைம், அதாவது பத்து சென்ட் காசு, வெள்ளை மாளிகைக்கு அனுப்பச் சொன்னார். 26 லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகள் தபாலில் வந்து குவிந்தன. 'மார்ச் ஆஃப் டைம்ஸ்' என்று பெயர்பெற்ற அந்த இயக்கத்தின் பணத்தில்தான் ஜோனாஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசி ஆராய்ச்சி நடந்தது. 1955-இல் தடுப்பூசி வந்துவிட்டது. வேலை முடிந்தது என்று அவர்கள் கடையை மூடவில்லை. 1958-இல் பிறவிக் குறைகள் பக்கம் திரும்பினார்கள். பிறந்த குழந்தைக்கு மதிப்பெண் போடும் ஆப்கார் முறையைத் தந்த மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார் அடுத்த ஆண்டே அங்கே சேர்ந்தார். 1970-இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவிலும் ஒஹையோவின் கொலம்பஸிலும் நடந்து நிதி திரட்டும் நிகழ்ச்சியைத் தொடங்கினார்கள். இன்று நம்மூரில் நடக்கும் விழிப்புணர்வு வாக்கத்தான்களும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

ஆராய்ச்சி என்ன கொடுக்கும் என்பதற்கு ஒரே உதாரணம். 1991-இல் ஏழு நாடுகளில் 33 மையங்களில் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. முதல் குழந்தை நரம்புக் குழாய்க் குறையோடு பிறந்திருந்த தாய்மார்கள், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டபோது அந்தக் குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. சில ரூபாய் மாத்திரை. ஆனால் கருத்தரித்த 28 நாளுக்குள் நரம்புக் குழாய் மூடிவிடுகிறது. பெரும்பாலான பெண்கள் "நாள் தள்ளிப்போச்சு" என்று உணரும் நேரத்தில் அந்தக் கட்டம் முடிந்துவிடும். கருத்தரிக்கும் முன்பே மாத்திரை தொடங்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். ஊரில் திருமணம் முடிந்த பெண்பிள்ளைகளிடம் இதைச் சொல்ல எந்த நிதியும் வேண்டாம்.

நம் சென்னையிலேயே ஃபீட்டல் கேர் ரிசர்ச் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை இந்தியப் பிறவிக் குறைகள் பதிவேட்டை 2001 முதல் நடத்திவருகிறது. எந்தக் குறை எங்கே எத்தனை என்று எண்ணாமல் எந்தத் திட்டமும் சரியாக அமையாது.

கணக்கு: மொய் நோட்டு மாதிரி

கல்யாண வீட்டு மொய் நோட்டைப் பாருங்கள். யார், எந்த ஊர், எவ்வளவு என்று எல்லாம் இருக்கும், யாரும் சந்தேகப்படுவதில்லை. நிதி திரட்டலுக்கும் அதே ஒழுங்கு வேண்டும். ஒருவர் ஜிபே நம்பரில் மொத்தப் பணமும் விழுவது யாருக்கும் நல்லதில்லை, முக்கியமாக அந்த நம்பர்க்காரருக்கு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒருவர் கணக்கில் ஒரு நிதியாண்டில் 50 ஆயிரத்துக்கு மேல் இனாமாக வந்தால் வருமான வரிக் கணக்கில் கேள்வி வரும். சிகிச்சைக்கான பணம் என்றால் கொடுப்பவர்களையே மருத்துவமனைக் கணக்குக்கு நோயாளி எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பச் சொல்லுங்கள். பயணச் செலவு போன்றவற்றுக்கு, பதிவு பெற்ற சங்கமோ அறக்கட்டளையோ இருந்தால் அதன் பெயரில், இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்ற கணக்கு வையுங்கள்.

80ஜி என்று சொல்லப்படும் வரிச்சலுகை, அதற்கான அனுமதி பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் மட்டுமே உண்டு. அங்கேயும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் அனுப்புவார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உங்கள் சித்தப்பா இன்னும் இந்தியக் குடிமகன் என்றால், சங்கத்துக்குத் தன் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பலாம். அவர் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை; அதற்குரிய எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. நல்ல எண்ணத்தில் வாங்கினாலும் சட்டப்படி தவறுதான். அவரை நேரடியாக ஏற்கெனவே பதிவுள்ள மருத்துவ அறக்கட்டளைக்கு அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

ஃப்ளெக்ஸில் குழந்தையின் படம் தேவையா என்றும் யோசியுங்கள். சிகிச்சை முடிந்து அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போதும் படம் யாரோ ஒருவரின் போனில் இருக்கும். பெயரும் முகமும் இல்லாமல், மருத்துவர் கடிதத்தை மட்டும் கேட்பவர்களிடம் காட்டியே நிறைய ஊர்கள் திரட்டியிருக்கின்றன.

கடைசியாக மிச்சப் பணம். சண்டை பெரும்பாலும் இங்கேதான் வரும். காப்பீட்டில் ஆபரேஷன் முடிந்துவிடும், கையில் 60 ஆயிரம் நிற்கும். குடும்பம் எங்களுடையது என்று சொல்லும், மன்றம் கோயிலுக்குக் கொடுக்கலாம் என்று சொல்லும். முதல் நாள் நோட்டீஸிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள்: "மீதமுள்ள தொகை இக்குழந்தையின் இரண்டாண்டு மறுபரிசோதனைப் பயணத்துக்கு; அதன்பின்னும் மீந்தால் மாவட்ட அரசு மருத்துவமனை நோயாளர் நலச் சங்கத்துக்கு." நோயாளர் நலச் சங்கம் ரசீது கொடுக்கும். அந்த ரசீதை ஜெராக்ஸ் எடுத்து, முதலில் ஃப்ளெக்ஸ் கட்டிய அதே டீக்கடை சுவரில் ஒட்டுங்கள்.